ஊர்ப்பை

பையை இந்தத் தடவை கங்காதரன் வீடு எடுத்தது.

தை அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் தோணிரேவு ஊரே படகு ஏற்றும் மணலில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு வீடும் தன் குறியைக் கீறிய மட்டி ஓடு ஒன்றைச் சட்டியில் போட்டிருந்தது. சட்டியைக் குலுக்கி, கண்ணை மூடிக் கைவிட்டு எடுத்த ஓட்டில் ஒரு கொக்கியும் இரண்டு கோடும் இருந்தன. கங்காதரன் எழுந்து பின்பக்கத்து மணலைத் தட்டிக்கொண்டான். மற்றவர்களும் எழுந்து வலை பார்க்கப் போனார்கள். முனியம்மாள் மட்டும் எழவில்லை. அவள் ஓடு சட்டிக்குள்ளேயே கிடந்தது.

உண்மையில் பை ஊருடையது அல்ல. கோட்டை அதைக் கோதண்டத்தின் பேருக்குக் கொடுத்தது.

டச்சுக்காரர்களான ஒல்லாந்தரின் பெரிய துரை பழவேற்காட்டுக் கோட்டையை விட்டு நாகப்பட்டினத்துக்குக் குடிபோன பிறகு, எந்த முறையீட்டுக்கும் பதில் அங்கிருந்துதான் வர வேண்டியிருந்தது. கோட்டையில் போய்ப் பேசுவதற்கு ஊர் ஓர் ஆளை வைத்திருந்தது. அவரை ஊர்வாய் என்பார்கள். மாசிப் பௌர்ணமியன்று நிற்கிற ஆள் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பானை வைப்பார்கள். பங்குள்ள வீடு ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்தவரின் பானையில் ஓட்டைப் போடும். கோதண்டம் பானை தொடர்ந்து சில வருஷங்களாக நிறைந்து வந்தது.

ஊர்வாய்க்குச் சில சலுகைகள் உண்டு. ஏரி கடக்கும் ஓடத்தில் அவரிடம் கூலி கேட்க மாட்டார்கள். மற்ற வீடுகள் ஏரியில் வலை கட்டும் இடமான பாட்டைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஊர்வாய் வீட்டுக்கு ஒரு நல்ல பாடு சீட்டில்லாமலே வரும். கோட்டை வாசலில் வெயிலில் நின்று அவர் இழக்கும் மீன்பிடி நாட்களுக்கு அது ஈடு. மூன்றாவது சலுகை இந்தத் தோல் பை. அதற்குள் அவர் வைப்பதைக் கோட்டையின் தபால் ஓட்டக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி, கூலியில்லாமல் நாகப்பட்டினம் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். பதிலும் அப்படியே வரும். வேறு யாராவது ஒரு சேதி அனுப்ப வேண்டுமானால் ஒரு குடும்பம் பல நாள் உண்ணும் அரிசியைக் கூலியாக அளக்க வேண்டும்.

பை வந்த புதிதில் ஓரிரு முறை முறையீட்டு ஓலை வைத்து அனுப்பிய கோதண்டம், திரும்பி வந்த பையைத் தன் வீட்டு ஆணியில் மாட்டினார். அன்று மாலையே ஊர் வந்து நின்றது.

"இன்னா கோதண்டம், பைய மாட்டிக்கினியாமே."

"எனக்குக் குடுத்தாங்கபா. என் பேர் சொல்லித்தான் குடுத்தாங்க."

"உன் பேரு அவங்களுக்கு எப்டித் தெரியும்? ஊர் அனுப்பிச்சதால தெரியும். ஏரில ஒரு மரம் மெதந்து வந்தா மொதல்ல பாத்தவன் வீட்டுக்கா இட்டுக்கினு போறான்? சீட்டுப் போட்டுத்தானே அறுக்குறோம்?"

கோதண்டம் பையை ஆணியிலிருந்து கழற்றினார். இடத்தைப் பங்கு போட்டார்கள், காற்றைப் பார்த்து முறை போட்டார்கள், கரை ஒதுங்கின கட்டையையும் பங்கு போட்டார்கள். பை எப்படித் தப்பும்? மாதம் ஒரு வீடு என்று சீட்டு எடுத்தார்கள். முறை வந்த வீடு எதையாவது கொண்டு வந்து கோதண்டத்திடம் கொடுக்கும். பெண் கொடுத்த வீட்டுக்கு மஞ்சள் போனது, புதுப்பேரனுக்கு இடுப்புக் கயிறு போனது. நாகப்பட்டினத்துத் துறையில் மூட்டை தூக்கும் ராமன் இதே ஊர்க்காரன். அவன் அங்கே எல்லாவற்றையும் வாங்கிச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்ப்பான். அந்தப் பட்டினத்தில் ஒருத்தரையும் தெரியாத ஒரு வீடு, முறையை விட மனசு வராமல், ஒரு தேங்காயைப் போட்டு அனுப்பியது. யார் கைக்காவது போகட்டும் என்றார்கள்.

முனியம்மாள் எழுந்து கங்காதரனிடம் போனாள்.

"மச்சான், இந்தத் தடவ எனக்கு வுட்டுக் குடேன்."

கங்காதரன் படகின் ஓரத்தில் காய்ந்த வலையை மடித்துக்கொண்டிருந்தான். பழைய வலை. இடையிடையே இருந்த ஒட்டுகள் கோழி கிளறினது போல ஒழுங்கில்லாமல் இருக்கும். செத்துப்போன அவன் அண்ணன் ரங்கன் கட்டின வலை என்று ஊரே அதைக் கேலி செய்யும்.

"எத்தினி மாசமா காத்துக்கினு கீறேன் தெரியுமா உனக்கு?" என்றான். "அங்க ஒரு யாவாரி கீறான். நம்ம இறால் கருவாட ஒரு தபா வாயில போட்டுப் பாத்தான்னா படகு படகா கேப்பான். பொண்ணக் கட்டிக் குடுக்கணும் நானு."

"அடுத்த மாசம் என் மொற வந்தா உனக்குத் தரேன்."

"அடுத்த மாசம் உனக்கு மொறயே இருக்காதேமே."

அதை அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம் அது.

முனியம்மாளின் புருஷன் மாரி. புயலில் அவன் வலை மொத்தமும் போனது. புது வலைக்கு நூல் வாங்க வழியில்லாமல் கோட்டைக் கப்பலில் கூலிக்கு ஏறி நாகப்பட்டினம் போனான். முதல் வருஷம் ஒரு மாலுமி வந்து, நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அடுத்தடுத்து இரண்டு மாசிப் பௌர்ணமிக்கு ஒருவனைப் பற்றிச் சேதி வராவிட்டால் அவன் பங்கு ஊருக்குச் சேர்ந்துவிடும். அது பழைய ஊர்க் கட்டுப்பாடு. இல்லாதவன் பெயரில் இடத்தைக் காலியாக வைத்திருந்தால் இருக்கிறவன் பட்டினி கிடப்பான் என்று வைத்த கட்டு. போன மாசிக்கு ஒன்றும் வரவில்லை. வருகிற மாசிக்கும் வராவிட்டால் முனியம்மாளுக்குப் பங்கு இல்லை. மீதி எல்லோருக்கும் இடம் கொஞ்சம் அகலும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும் எல்லோர் வயிறும் கணக்குப் போட்டது.

அன்று மத்தியானம் முனியம்மாள் கோதண்டத்தின் வீட்டுக்கு வந்தாள். அவர் மனைவி தெய்வநாயகி வாசலில் மடவை மீனைக் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். கோதண்டம் சுவரோரம் உட்கார்ந்து கங்காதரன் கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தைப் பைக்குள் அடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பை வயிறு புடைத்த ஆடு மாதிரி ஆகிவிட்டிருந்தது.

முனியம்மாள் மடியிலிருந்து ஒரு வலைத் துண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கையகலம் இருக்கும். ஒரு பக்கம் முடியாமல் நூல் தொங்கியது.

"நான் பாதி கட்டிக் கீறேன் மாமா. ராமன் தேடிக் குடுப்பான். மீதிய அவரு கட்டி அனுப்பிச்சா போதும். ஊர் பாத்துக்கும்."

கோதண்டத்துக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. புயலில் அறுத்துக்கொண்டு போகும் வலை எந்தக் கரையில் ஒதுங்கினாலும், முடிச்சைப் பார்த்து இது இன்னார் கை என்று சொல்லிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒருவன் இழுத்து முடிச்சுப் போடுவான், ஒருவன் தளர விடுவான். மாரியின் முடிச்சு கல் மாதிரி, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து இருக்கும். எழுதத் தெரிந்தவன் ஊரில் கிடையாது. ஓலை வந்தால் யாரோ எழுதியது என்று தள்ளிவிடுவார்கள். முடிச்சைத் தள்ள முடியாது.

"பை கங்காதரனுதுமே இந்த மாசம்."

"தெரியும்."

"உள்ள விரல் நொழைய எடம் இல்ல. பாரு."

"பாத்துக்கினுதான் கீறேன்." அவள் வலைத் துண்டை அவர் பக்கம் தள்ளினாள். "பங்கு போச்சின்னா நானும் ரெண்டு பொண்ணுங்களும் பறிக்கூடைய பல்லுல கடிச்சிக்கினு சேத்துல இறங்கணும். காலமெல்லாம் கையால இறால் தடவுறவங்க கீறாங்க, பொழைக்கத்தான் பொழைக்கிறாங்க. இல்லன்னு சொல்லல. ஆனா அவங்களுக்கு அந்த சேறு தெரியும். எங்களுக்குத் தெரியாது. அவங்க எடத்துல போயி நாங்க கைய வுட்டா அவங்க மட்டும் சும்மா இருப்பாங்களா?"

வலைத் துண்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

தெய்வநாயகி தலை நிமிராமல் மீனைக் கீறினாள்.

"ஊர்வாயாம் ஊர்வாய். கோட்டைல போயி ஊருக்கெல்லாம் பேசற ஆளு. உன் பைல உனக்கே அரை முழம் எடம் இல்ல."

"ஊர் வச்ச கட்டுடி."

"ஊர் வச்ச கட்டுல தேங்கா போவுது நாகப்பட்டினத்துக்கு. உசுரோட கீறியான்னு கேக்க வழியில்ல."

"கங்காதரன் பொண்ணு கல்யாணம் இன்னா ஆவறது?"

"அதுவும்தான் ஆவணும். நான் ஆவக்கூடாதுன்னா சொன்னேன்?" அவள் கத்தியைத் துடைத்தாள். "நீதான் சொல்லணும். உன்னத்தானே வச்சிக் கீறாங்க."

அவர் பையின் வாயை இழுத்துக் கட்டினார். மறுநாள் விடிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வலைத் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டார். எதற்கு என்று தெரியாமல்தான் செருகிக்கொண்டார்.

கோட்டை முற்றத்தில் வழக்கம்போல நிற்க வைத்தார்கள். நிழல் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டே போய்க் கடைசியில் காணாமலே போயிற்று. ஊரில் இருப்பவர்கள் இவருடைய ஓடத்தையும் பாட்டையும் பார்த்தார்கள். இந்த முற்றத்துக் கல்லின் சூட்டை அவர்கள் கால் பார்த்ததில்லை. தோளில் பை நாறிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் போன சிப்பாய் ஒருவன் மூக்கைப் பொத்திக் காட்டிவிட்டுப் போனான்.

துபாஷி சந்தியாகு வெளியே வந்தபோது உச்சி சாய்ந்திருந்தது. போர்த்துகீசியப் பறங்கியர் காலத்திலிருந்தே பழவேற்காட்டில் வாழ்ந்த குடும்பம் அவருடையது. துரைகளின் பேச்சைத் தமிழிலும் தமிழரின் பேச்சைத் துரைகளின் மொழியிலும் சொல்வது அவர் வேலை. பையின் வாயைக் கட்டிய முடிச்சின் மேல் அரக்கை உருக்கி முத்திரை குத்துவதும் அவர்தான். இதுவரை உள்ளே என்ன என்று கேட்டதில்லை.

இன்று முத்திரையைக் கையில் எடுக்கவில்லை.

"பைய அவுத்துக் காட்டு கோதண்டம்."

"இன்னா அய்யா?"

"நாகப்பட்டினத்துலேர்ந்து சொல்லியனுப்பிட்டாங்க. தோணிரேவு பைல முறையீடு எதுவும் காணோம், தேங்காய்தான் வருதுன்னு. தொறந்து பாக்காம முத்திரை வைக்கக் கூடாதாம்."

கோதண்டம் அவிழ்த்தார். கருவாட்டு வாடை முற்றம் முழுக்கப் பரவியது. சந்தியாகு பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இதுதான் ஊர் சொல்லச் சொன்னதா?"

"இல்லீங்க."

"அப்ப உன்னுதா?"

"என்னுதும் இல்ல. இந்த மாசம் இன்னொருத்தர் மொற."

"இன்னா மொற?"

கோதண்டம் சீட்டு எடுப்பதைச் சொன்னார். சந்தியாகு சிரிக்கப் போய், சிரிக்காமல் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"ஏம்பா, இது உனக்குக் குடுத்த சலுகை. ஊரைப் பத்திப் பேசறதுக்காகக் குடுத்தது. படகு மாதிரி முறை போட்டுக்கிற சாமானா இது? நான் உள்ள போயி இன்னா சொல்லட்டும்? பையைத் திரும்ப வாங்கிடச் சொல்லித்தான் உத்தரவு."

கோதண்டம் நின்றார். ஊருக்குக் கிணறு கேட்டு, முகத்துவாரத்தில் கோட்டைப் படகுகள் வலையை அறுப்பதைச் சொல்லி, அவரும் முன்பு இதே பையில் ஓலை எழுதுவித்து அனுப்பியவர்தான். சீட்டு வந்த பிறகு அவருக்கே இடமில்லாமல் போயிற்று. பை போய்விட்டால் இனி அதுவும் இல்லை. இடுப்பில் இருந்த வலைத் துண்டு அப்போதுதான் குத்தியது. எடுத்துக் கல்லின் மேல் வைத்தார்.

"இது ஊர் விசயம் அய்யா. இத்த மட்டும் வச்சி அனுப்புங்க. அப்பறம் பைய எடுத்துக்குங்க."

"இது இன்னா? வலை."

"கேள்வி."

சந்தியாகு அவரைப் பார்த்தார்.

"எங்க ஊர் ஆளு ஒருத்தன் உங்க கப்பல்ல போனான். உசுரோட கீறானான்னு ஊர் கேக்குது. கீறான்னா அவன் பங்கு அவன் வீட்டுக்கு. இல்லன்னா ஊருக்கு. மாசிப் பவுர்ணமிக்குள்ள தெரியணும். ஊர் கேக்கறத இங்க கொணாந்து சொல்றதுக்குத்தானே நானு? அதுக்குத்தானே பை?"

"அதை ஓலைல எழுதலாமே. நானே எழுதித் தரேன்."

"கேக்கறத எழுதலாம். பதில ஆரு எழுதுவாங்க? அவனுக்கு எழுதத் தெரியாது. ஆரோ எழுதினத ஊர் நம்பாது. இதுல மீதிய அவன் கட்டுவான். அவன் கைய எல்லாருக்கும் தெரியும்."

சந்தியாகு வலைத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணிகள் தெரிந்தன, அவ்வளவுதான். ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருடைய தங்கை புருஷனும் கப்பலில் போனவன்தான்.

"கருவாட வெளிய எடு," என்றார். "இது போவட்டும். முறையீடுன்னே சொல்லிடறேன். இனிமே உன் வாய்ச்சொல் மட்டும்தான் இதுக்குள்ள வரணும். சீட்டு கீட்டு எடுத்தீங்கன்னு கேள்விப்பட்டா பை இல்ல."

அரக்கு உருகி முடிச்சின் மேல் விழுந்தது. அரக்கு மணத்துக்குள்ளும் கருவாட்டு வாடை இருந்தது.

பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தபோது கங்காதரன் அதைக் கையில் வாங்கவில்லை.

"அப்ப பைல இன்னா போச்சி?"

கோதண்டம் சொன்னார்.

"தொறந்து பாத்தாங்க, கருவாடு போவாதுன்னுட்டாங்க. செரி. அது அவங்க. வெறும் பைய நீ திரும்ப எடுத்தாந்திருக்கணும். என் மொறல அவ சாமான ஏத்த உனக்கு ஆரு சொன்னது?"

"ஆரும் சொல்லல."

"உனக்கு சீட்டில்லாத பாடு கீது. உன் வலைல எப்பவும் மீன் விழுது. மனசு எளகறதுக்கு உனக்கு வசதி கீது மச்சான். எனக்கு அது இல்ல."

அதில் பொய் எதுவும் இல்லை. கோதண்டம் பொட்டலத்தை அவன் காலடியில் வைத்துவிட்டு நடந்தார்.

ஊர் கூடியது. முறையை மீறியது மீறியதுதான் என்றார்கள். முனியம்மாளுக்காக இரக்கப்பட்டவர்களும் அதையே சொன்னார்கள். இன்றைக்கு இரக்கத்துக்கு மீறினால் நாளைக்கு எதற்கு வேண்டுமானாலும் மீறலாம். சீட்டு ஒன்றுதான் வலுத்தவனையும் இளைத்தவனையும் ஒரே சட்டியில் போட்டுக் குலுக்கியது. ஊர்வாய்க்கு உரிய சீட்டில்லாத பாட்டைக் கோதண்டத்திடமிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் மறுக்கவில்லை. தெய்வநாயகி மட்டும் வீட்டுக்கு வந்து ஒரு பானையை ஓங்கி வைத்தாள். பிறகு அவளே, "போவுது வுடு," என்றாள்.

வாடைக் காற்று நின்றது. ஏரி வற்ற ஆரம்பித்து ஓரங்களில் உப்புப் பூத்தது. கோதண்டம் மற்றவர்களைப் போலச் சீட்டு எடுத்தார். சேறு மண்டின ஓர் இடம் அவருக்கு வந்தது. முனியம்மாள் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு பிறர் வலையில் மீன் பொறுக்கப் போனாள். கோதண்டத்தை வழியில் பார்த்தால் பை வந்ததா என்று கேட்க மாட்டாள். அவர் தோளைப் பார்ப்பாள்.

மாசிப் பௌர்ணமிக்கு முந்தின நாள்தான் பை வந்தது. கோதண்டம் அதை அவிழ்க்கவில்லை. மறுநாள் காலை ஊர் கூடின மணலில், எல்லோர் கண்ணெதிரிலும் அரக்கை உடைத்தார்.

வலைத் துண்டு வந்திருந்தது. கையகலமாகப் போனது இரண்டு கையகலமாக இருந்தது.

முனியம்மாள் அதை வாங்கி மடியில் விரித்தாள். தன் முடிச்சுகள் முடிகிற இடம் வரை விரலை ஓட்டினாள். அதற்கு மேல் விரல் நின்றது. முடிச்சுகள் தாறுமாறாக இருந்தன. ஒன்று தொளதொளவென்று, ஒன்று இறுகி, கண்ணி ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக. வலை கட்டவே தெரியாத யாரோ கட்டினதைப் போலிருந்தது.

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாராவது இல்லை என்று வாதாடியிருப்பார்கள், அவளும் வாதாடியிருக்கலாம்.

"இது அவரு கட்டினது இல்ல," என்றாள்.

மூத்த பெண் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டது.

துண்டு கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஆளாளுக்குப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். மாரியின் கை இல்லை. "ராமன் கட்டி அனுப்பிச்சிட்டான் போல, பாவம் பாத்து," என்றார் ஒருவர். "ராமன் நல்லா கட்டுவானே, இது அவனும் இல்ல," என்றார் இன்னொருவர். யாரோ ஒருவர் மெல்ல, பாட்டுச் சீட்டுக்கு ஓடுகளை எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டார். மாரியின் குறி கீறிய ஓட்டைத் தனியே ஒதுக்கினார்கள்.

துண்டு கடைசியாகக் கங்காதரனிடம் வந்தது. அவனும் மற்றவர்கள் போல ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கப் போனான். கொடுக்கவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். ஒரு முடிச்சை நகத்தால் நிமிண்டினான். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து தன் படகுக்கு நடந்தான்.

"இன்னாபா, எங்க போறே?"

அவன் தன் பழைய வலையை இழுத்துக்கொண்டு வந்து ஊர் நடுவில் போட்டான். ஒட்டுப் போட்ட இடம் ஒன்றைத் தேடி விரித்து, பக்கத்தில் அந்தத் துண்டை வைத்தான்.

"பாருங்க."

குனிந்து பார்த்தார்கள். இரண்டும் ஒரே மாதிரி கோணலாக இருந்தன.

"உங்க அண்ணன் கட்டின வலை," என்றார் ஒருவர், வழக்கமான கேலி பாதியில் நின்றுபோக.

"திருக்கை முள்ளு ஏறி எங்க அண்ணன் விரலு போனது உங்களுக்கெல்லாம் தெரியும். அதுக்கப்பறம் அவன் எப்டி வலை கட்டினான்னு எங்க வீட்டுல இருந்தவங்களுக்குத்தான் தெரியும். நூலப் பல்லுல கடிச்சித்தான் இழுப்பான். பல்லால இழுத்தா ஒரு பக்கம்தான் இறுகும். கடிபட்ட எடத்துல நூலு நாரா பிஞ்சி நிக்கும். இதோ பாரு. இங்க பாரு." அவன் முனியம்மாள் பக்கம் திரும்பினான். குரல் இறங்கியது. "இது பல்லால கட்டினதுமே. கைல விரல் இருக்கறவன் இப்டிக் கட்ட மாட்டான். வேற எவனாவது கட்டறதா இருந்தா ஒழுங்கா கட்டி அனுப்பிச்சிருப்பான். அவந்தான். சாய்மானம் பாரு, எடப்பக்கம்."

முனியம்மாள் துண்டை மறுபடி வாங்கினாள். ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டாள். பிய்ந்த நூல் ஒன்றைத் தன் உதட்டில் வைத்துப் பார்த்தாள். பிறகு அழுதாள். புருஷன் இருக்கிறான் என்று அழுதாளா, விரல் போயிற்று என்று அழுதாளா என்று யாரும் கேட்கவில்லை.

ஒதுக்கி வைத்த ஓடு மறுபடி சட்டிக்குள் போயிற்று. ஓரத்தில் ஒருவர், "விரல் இல்லாதவன் வந்து இன்னா வலை இழுப்பான்," என்று முனகினார்.

"எங்க அண்ணன் கட்டின வலைலதான் நான் இன்னிக்கும் மீன் புடிக்கிறேன்," என்றான் கங்காதரன். "இழுக்க ஆள் கெடைக்கும். நீ வாய மூடு."

கோதண்டம் அவனருகில் போனார். "மச்சான்," என்றார்.

"உன்கிட்ட எனக்குப் பேச்சு இல்ல. என் மொற போனது போனதுதான்."

வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அவன் போய்விட்டான்.

அன்று பிற்பகல் ஊர்வாய்க்குப் பானை வைத்தார்கள். கங்காதரன் தானாக நிற்கவில்லை, சிலர் பிடித்து நிறுத்தினார்கள். கோதண்டத்தின் பானையில் கொஞ்சம் ஓடுகள்தான் விழுந்தன. முனியம்மாள் தன் ஓட்டைக் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க, கங்காதரன் பானையில் போட்டாள். பிறகு நேராகக் கோதண்டத்திடம் வந்தாள்.

"கோச்சிக்காத மாமா. ஊர் இனிமே உன்கிட்ட பைய வுடாது. அவன்கிட்டயாவது நிக்கட்டும். எனக்கு அது வேணும்."

"சரியாத்தான் போட்டே," என்றார் கோதண்டம். அவர் தன் வீட்டு ஓட்டை எங்கே போடுவதென்று அதுவரை முடிவு செய்திருக்கவில்லை. அவரும் போய்க் கங்காதரன் பானையில் போட்டார்.

பங்குனி பிறந்து சில நாளில் புது ஊர்வாய் கங்காதரன் கோதண்டத்தின் வீட்டு முன்னால் வந்து நின்றான். தோளில் பை. கையில் இன்னொரு வலைத் துண்டு. இந்த முறை அது முழுக்கக் கட்டி முடித்த துண்டு. தொங்கும் நூல் இல்லை. நான்கு ஓரமும் மூடியிருந்தது. அதன் மூலையில் ஒரு மட்டி ஓட்டைக் கட்டியிருந்தாள் முனியம்மாள். மாரியின் குறி போட்ட ஓடு.

உள்ளே வரச் சொன்னார் கோதண்டம். அவன் வரவில்லை. முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டே பேசினான்.

"துபாஷிகிட்ட நீ அன்னிக்கு இன்னா சொன்னே?"

"கேள்வின்னு சொன்னேன். ஊர் கேக்குதுன்னு."

"இது கேள்வி இல்லியே. பங்கு கீது, திரும்பி வாடான்னு கூப்பிடறது."

"அப்டியே சொல்லு. ஊர் கூப்பிடுதுன்னு சொல்லு."

கங்காதரன் துண்டைப் பைக்குள் வைத்தான்.

"ரொம்ப நேரம் நிக்க வைப்பானுங்களா?"

"உச்சி சாயற வரைக்கும். சுவரோரமா மொதல்லயே எடம் புடிச்சிக்கோ. கல்லு சுடும்."

அவன் தலையை ஆட்டினான். ஓடத்துறைப் பக்கம் நடந்தான். பை தட்டையாக அவன் முதுகில் ஆடிக்கொண்டு போயிற்று.

தெய்வநாயகி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கருவாடு வைக்கலியா அவன்?"

"வைக்கல."

"அவன் பொண்ணு கல்யாணத்துக்கு இன்னா பண்ணுவான்?"

சேற்று இடத்தில் வலை கட்ட நேரமாகியிருந்தது. கோதண்டம் மிதப்புக்கட்டைகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கு இறங்கினார்.